கோடு கீறுமுன் மக்களைக் கேளுங்கள்

ஒரு நகரத்துக்கு அபிவிருத்தித் திட்டம் வகுப்பது வீடு கட்டுவதைப் போன்றதன்று. வீடு பிழைத்தால் ஒரு குடும்பம் வருந்தும். இடித்து மறுபடியும் கட்டிக்கொள்ளலாம். நகரத் திட்டம் பிழைத்தாலோ, பேரப்பிள்ளைகளும் அந்தப் பிழையைச் சுமக்க நேரும். எந்த வீதி அகல வேண்டும், சந்தை எங்கே பெயர வேண்டும், மாரி வெள்ளம் எந்தப் பக்கம் ஓட வேண்டும், எந்தத் தோட்டக்காணி கட்டடக்காணியாக வேண்டும் என்பன யாவும் ஒரு படத்திலே கீறப்படும் சில கோடுகளால் முடிவாகிவிடுகின்றன. அக்கோடுகளைக் கீறும் கை யாருடையது? கீறுமுன் எவருடைய சொல் கேட்கப்பட்டது? இவை பொறியியலாளருக்கும் நிலஅளவையாளருக்கும் மட்டும் உரிய கேள்விகள் அல்ல. ஓர் இனத்தின் வாழ்விடம் பற்றிய அரசியற் கேள்விகள். யாழ்ப்பாண நகரத்தின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசுவோர் அனைவர் முன்னும் இவற்றை வைக்கிறோம்.

திட்டம் வேண்டாமென்று நாம் கூறவில்லை. 1949 இல் மாநகர சபை அந்தஸ்துப் பெற்ற இந்நகரம், அதன் பின்னர் பட்ட பாடுகளை உலகம் அறியும். 1981 இல் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. சந்தையும் கடைகளும் எரிந்தன. 1995 ஒக்டோபரில் ஊரே வெறிச்சோடும்படி மக்கள் இடம்பெயர்ந்தனர். 1981 குடிசன மதிப்பில் ஏறத்தாழ 118,000 பேர் வாழ்ந்த மாநகர எல்லைக்குள், 2012 குடிசன மதிப்பின்போது இருந்தவர்கள் ஏறத்தாழ 88,000 பேர் மட்டுமே. இத்தகைய நகரம் மீண்டெழுவதற்கு வடிகால் வேண்டும், நல்ல வீதி வேண்டும், இளைஞருக்குத் தொழில் வேண்டும். அவற்றை ஒழுங்குடன் அமைப்பதற்குத் திட்டமும் வேண்டும். ஆனால் யாருக்காகத் திட்டமோ அவர்களைக் கேளாமல் வகுக்கப்படும் திட்டம், அது எவ்வளவு அழகிய படமாயினும், நமக்குரிய திட்டமாகாது.

பொதுமக்கள் கருத்தைக் கேட்கும் கூட்டங்கள் நடைபெறுகின்றனவே என்று அதிகாரிகள் சொல்வர். அவை எவ்வாறு நடைபெறுகின்றன என்பதை நமது வாசகர் பலர் நேரிற் கண்டிருப்பர். வேலை நாளில், முற்பகல் பத்து மணிக்குக் கூட்டம் வைக்கப்படும். அந்நேரம் கமக்காரன் இறைப்பில் நிற்பான். வியாபாரி கடையில் இருப்பான். ஆசிரியர் வகுப்பிலும் வைத்தியர் நோயாளர் மத்தியிலும் இருப்பர். மண்டபத்தை நிரப்புவோர் திணைக்கள உத்தியோகத்தரும் அவர்கள் அழைத்து வந்தவர்களுமே. சுவரிலே வண்ணப் படம் தொங்கும். அதன் குறிப்புக்கள் ஆங்கிலத்தில் இருக்கும். நிபுணர் ஒருவர் ஒரு மணி நேரம் விளக்கியபின், எஞ்சிய பத்து நிமிடத்தில் "உங்கள் அபிப்பிராயம் என்ன?" என்று கேட்கப்படும். இருவர் எழுந்து பேசுவர். "குறித்துக்கொண்டோம்" என்பது மறுமொழி. தேநீர் வரும், படம் பிடிக்கப்படும், மக்களோடு கலந்தாலோசித்தாயிற்று என்று அறிக்கையில் ஒரு வரி ஏறும்.

கலியாணம் முடிந்தபின் பொருத்தம் பார்க்கும் செயலுக்கும் இதற்கும் வேறுபாடு யாது? மக்களிடம் கேட்பது என்பது, முடிவை அறிவித்துவிட்டுத் தலையசைப்பை எதிர்பார்ப்பதன்று. முடிவு மாறக்கூடியதாக இருக்கும் வேளையிலேயே கேட்பதுதான் கேட்பது.

நகரத் திட்டத்துக்கும் கமக்காரனுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் வினவக்கூடும். இக்கேள்வியை எழுப்புவோர் நமது மண்ணின் அமைப்பை அறியாதவர்கள். குடாநாட்டில் வற்றாத நதி ஒன்றும் இல்லை. வழுக்கையாறு என்று நாம் பெயரிட்டழைப்பதும் மாரியில் மட்டும் ஓடுவது. பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை, சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புக்களினூடே இறங்கி, அடியிலுள்ள உவர் நீரின்மேல் நன்னீராக மிதக்கிறது. அந்த மெல்லிய நன்னீர்ப் படையே நகரத்தவரின் குடிநீர். அதுவே வலிகாமத்துக் கமக்காரனின் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் வாழைக்கும் இறைக்கும் நீர். மிகையாக இறைத்தால் அடியிலிருந்து உவர் ஏறும். மேலே கழிவை விட்டால் அது கீழே இறங்கும். மாநகர எல்லைக்கல் தரைக்கு மேலேதான் நடப்பட்டிருக்கிறது. தரைக்குக் கீழே ஓடும் நீருக்கு எல்லைக்கல் ஏது?

சுன்னாகத்து அனுபவம் இதற்குச் சான்று. மின்னிலையம் ஒன்றிலிருந்து கசிந்த கழிவெண்ணெய் சுற்றுவட்டாரத்துக் கிணறுகளிற் கலந்ததென்று மக்கள் முறையிட்டனர். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019 ஏப்ரலிலே இரண்டு கோடி ரூபா நட்டஈடு செலுத்துமாறு தீர்ப்பாயிற்று. தீர்ப்பை வரவேற்கிறோம். எனினும் நட்டஈட்டுப் பணத்தைக் கிணற்றிற் போட்டால் தண்ணீர் தெளிந்துவிடுமா? அத்தகைய ஒரு நிலையம் எங்கே அமையலாம், அதன் கழிவு எங்கே போகும் என்று அயலிலுள்ள கமக்காரரை முதலிலேயே கேட்டிருந்தால், தங்கள் கிணற்றின் நீர் எத்திசையிலிருந்து ஊறுகிறது என்பதை அவர்களே சொல்லியிருப்பர். அவர்களின் அனுபவ அறிவைத் திட்டத்திற் சேர்க்காது விட்டவர்களுக்குக் கிடைத்த பாடம் இது.

செம்பாட்டு மண்ணின் கதையும் இத்தகையதே. குடாநாட்டின் மிகச் சிறந்த தோட்ட நிலம் நகரத்தை அண்டிய ஊர்களிலேதான் பரந்து கிடக்கிறது. தலைமுறை தலைமுறையாக எருவும் குழையும் தாட்டுப் பண்படுத்திய மண் அது. திட்டப்படத்தில் ஒரு நிறத்தை மாற்றினால், தோட்டப்பரப்பு ஒன்றின் விலை ஓரிரவில் ஏறும், தரகர் வருவர், குத்தகைக்கு உழும் கமக்காரன் வெளியே நிற்பான். ஒரு முறை கொங்கிறீற்றின் கீழே போன செம்பாட்டு மண் மீண்டும் தோட்டமாவதில்லை. அந்த நிறத்தை எவர், எக்காரணத்தால் மாற்றினார் என்று அறியும் உரிமை திருநெல்வேலிச் சந்தைக்கு மரக்கறி கொண்டுவரும் ஒவ்வொருவனுக்கும் உண்டு.

நகரத்துக் குளங்களையும் ஈண்டு நினைவூட்ட விரும்புகிறோம். ஆரியகுளமும் புல்லுக்குளமும் பார்த்து மகிழ்வதற்காக வெட்டப்பட்டவை அல்ல. மாரி வெள்ளத்தைத் தாங்கி, நிலத்துள் இறக்கி, கோடையிற் கிணறுகளுக்கு நீர் ஊட்டுவதற்காக முன்னோர் வெட்டியவை. குளத்தைச் சுற்றிச் சுவரெழுப்பி நடைபாதையிட்டு விளக்குப் போட்டால் மட்டும் அது குளமாகிவிடாது. அதற்கு வரும் வாய்க்கால் எங்கே அடைபட்டிருக்கிறது என்று அயல் ஒழுங்கையில் வாழும் மூதாட்டியைக் கேட்க வேண்டும்.

"நிபுணர் செய்ய வேண்டிய வேலையில் பாமரர் தலையிடலாமா?" என்று கேட்போர் உளர். அவர்களுக்கு உலகறிந்த ஒரு நிபுணரையே விடையாகத் தருகிறோம். நவீன நகரத் திட்டக் கலையின் முன்னோடிகளுள் ஒருவர் பற்றிக் கெடிஸ். சென்னை மாகாணத்தின் நகரங்களைப் பார்வையிட்டு 1915 இல் அறிக்கை எழுதியவர். 1921 இல் கொழும்பு நகருக்கும் முதனிலை அறிக்கை தந்தவர். நெருக்கமான குடியிருப்பின் ஊடே நேர்வீதி வெட்டி வீடுகளை வரிசையாக இடிப்பதே சீர்திருத்தம் என்று எண்ணப்பட்ட காலத்தில், தஞ்சாவூரில் அவர் வேறு வழி காட்டினார். ஒழுங்கை ஒழுங்கையாக நடந்து பார்த்து, இடிந்து பயனற்ற கட்டடங்களை மட்டும் அகற்றி, குடிகளை இருந்த இடத்திலேயே வைத்து ஊரைச் செப்பனிடலாம். அதற்குச் செலவும் குறைவு என்று எடுத்துரைத்தார். நோயை அறிந்தபின் மருந்து, உறுப்பைக் காத்துக்கொண்டே சத்திரசிகிச்சை என்பதே அவர் கொள்கை. நூறாண்டுக்கு முன்னரே மேதை ஒருவர் காலால் நடந்து மக்களிடம் கற்றார். இன்றைய திட்டக்காரர் வானிலிருந்து எடுத்த படத்தைப் பார்த்துக் கோடு கீறுவது வளர்ச்சியாகுமா?

சட்டம் நமக்கு முற்றாகக் கைகொடுக்கவில்லை, முற்றாகக் கைவிடவுமில்லை. 1946 ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடற் கட்டளைச் சட்டம், வரைவுத் திட்டத்தை வெளியிட்டு ஆட்சேபங்களைக் கேட்பதற்கு இடம் வைத்தது. 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டம் நகர அபிவிருத்தி அதிகார சபையை அமைத்தது. அமைச்சர் ஒரு பிரதேசத்தை வர்த்தமானி மூலம் நகர அபிவிருத்திப் பிரதேசமென அறிவித்துவிட்டால், அதன் திட்டமிடும் அதிகாரம் கொழும்பிலுள்ள அச்சபையிடம் சென்றடைகிறது. 1987 இல் மாகாண சபைகள் தோன்றியும் இந்த நிலை அடியோடு மாறவில்லை. 2013 இல் தெரிவான வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபின், ஆண்டுகள் பலவாகத் தேர்தலின்றியே மாகாணம் ஆளப்பட்டது. உள்ளூராட்சிச் சபைகளும் 2023 மார்ச் முதல் 2025 மே மாதத் தேர்தல் வரை மக்கட் பிரதிநிதிகள் இன்றி உத்தியோகத்தர் கையிலிருந்தன. பேச வேண்டிய வாய்கள் இவ்வாறு கட்டப்பட்டிருந்த காலத்திலும் திட்டங்களும் கடன்களும் நிற்கவில்லை என்பதை வாசகர் கவனிப்பாராக.

எனினும் நமது கையில் உள்ள கருவிகள் சில உண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் 9 ஆம் பிரிவை ஒவ்வொரு வாசிகசாலையிலும் எழுதித் தொங்கவிட வேண்டும். வெளிநாட்டு நிதியில் ஓர் இலட்சம் அமெரிக்க டொலருக்கும், உள்நாட்டு நிதியில் ஐந்து இலட்சம் ரூபாவுக்கும் மேற்பட்ட வேலைத்திட்டமாயின், அது தொடங்குவதற்கு மூன்று மாதத்துக்கு முன்னரே அதுபற்றிய தகவல்களைப் பொதுமக்களுக்கும் பாதிக்கப்படக்கூடியோருக்கும் அறிவிப்பது அமைச்சரின் கடமை என்று அப்பிரிவு விதிக்கிறது. கண்டி, காலி ஆகிய நகரங்களுக்கென உலக வங்கிக் கடனில் தொடங்கி, பின்னர் யாழ்ப்பாணத்தையும் சேர்த்துக்கொண்ட மூலோபாய நகரங்கள் அபிவிருத்தித் திட்டம் போன்றவை இவ்விதிக்குள் அடங்கும் அளவின. கடனை இறுப்பவர் மக்கள். கணக்கைக் கேட்பவரும் மக்களாகவே இருத்தல் வேண்டும். அவ்வாறே தேசிய சுற்றாடற் சட்டத்தின்கீழ், சுற்றாடற் தாக்க மதிப்பீட்டு அறிக்கை 30 நாள்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படல் வேண்டும்.

சட்டத்தைக் கையில் எடுத்த சாதாரண மக்கள் வென்றதற்கும் உதாரணம் உண்டு. அநுராதபுர மாவட்டத்து எப்பாவலவில் பொஸ்பேற்றுப் படிவத்தை அகழ்வதற்கு வெளிநாட்டுக் கம்பனியுடன் அரசாங்கம் ஒப்பந்தம் செய்ய முனைந்தபோது, அவ்வூர்க் கமக்காரர் உள்ளிட்ட சிலர் உயர் நீதிமன்றம் சென்றனர். 2000 ஆம் ஆண்டிலே நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. நாட்டின் இயற்கை வளங்களுக்கு அரசாங்கம் உடைமையாளன் போல் நடக்க முடியாது, மக்களுக்காக அவற்றைப் பேணும் பொறுப்பாளனே என்ற கருத்தை அத்தீர்ப்பு நிலைநாட்டியது. அவர்கள் சிங்களக் கமக்காரர். மண்ணும் நீரும் பறிபோகும் அச்சம் எம்மொழி பேசும் கமக்காரனுக்கும் ஒன்றே என்பதை நாம் மறத்தலாகாது.

அறிவித்தல் ஒட்டியாயிற்று என்பதால் மட்டும் கேட்டதாகாது என்பதை நமது மக்கள் பட்டு அறிந்திருக்கிறார்கள். 1990 முதல் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கு மக்களின் 6,381 ஏக்கர் நிலத்தைச் சுவீகரிப்பதற்கு 2013 இல் மரங்களிலே அறிவித்தல் ஒட்டப்பட்டது. உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியவில்லையாம்! அவர்களோ அதே மாவட்டத்தில் நலன்புரி முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் இருந்தனர். 2025 மார்ச் 28 ஆம் திகதிய வர்த்தமானி, வட மாகாணத்தின் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்துக்கு மூன்று மாதத்துள் உரிமை கோராவிடின் அது அரச காணியாகும் என்றது. போரில் உறுதிகளை இழந்தவரும் கடல் கடந்து வாழ்பவரும் மூன்று மாதத்தில் என்ன செய்வர்? எதிர்ப்பு எழுந்தது, 2025 ஜூனில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. இத்தகைய அனுபவமுடைய மக்கள் படத்திலே ஒரு கோட்டைக் கண்டவுடன் அஞ்சுவதிற் புதுமை என்ன? அந்த அச்சத்தைப் பிற்போக்கு என்று இகழ்வது அறிவீனம். நம்பிக்கையை உண்டாக்கும் பொறுப்பு திட்டமிடுவோரையே சாரும்.

நகர மறுமலர்ச்சி என்ற சொல் கொழும்பில் எவ்வாறு செயலாயிற்று என்பதையும் கண்டோம். 2010 இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின்கீழ்க் கொண்டுவரப்பட்டது. அவ்வாண்டு மே மாதம் கொம்பனித்தெருவின் மியூஸ் வீதியில் குடிகளின் வீடுகள் இடிக்கப்பட்டன. பின்னர் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மாடிக் குடியிருப்புக்களுக்குப் பெயர்க்கப்பட்டன. தொழில் செய்த இடம் ஓரிடம், வீடு வேறிடம் என்றாகிய அவர்களிற் பலர், தங்களை எவரும் முன்கூட்டிக் கேட்கவில்லை என்றே முறையிட்டனர். அந்த வழி யாழ்ப்பாணத்துக்கு வேண்டாம்.

இவ்விடத்து நம்மவரையும் நோக்கி ஒரு சொல் கூறக் கடமைப்பட்டுள்ளோம். மக்களைக் கேளுங்கள் என்று கொழும்பை நோக்கிக் கூறும் நாம், மக்கள் என்போர் யாவர் என்பதில் குறுகிய மனம் கொள்ளலாகாது. கடனீரேரிக் கரையில் வாழும் கடற்றொழிலாளரும், நகரைத் துப்புரவு செய்யும் தொழிலாளரும், சந்தையிற் கடகம் வைத்து விற்கும் பெண்களும் இந்நகரத்தவரே. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, மீண்டும் வந்தும் வராமலும் இருக்கும் முஸ்லிம் மக்களும் இந்நகரத்தவரே. உறுதி உள்ளவனைக் கேட்டு, உறுதியில்லாதவனை விட்டுவிடும் கலந்தாலோசனை அரைக் கலந்தாலோசனையே.

ஆகவே நாம் கேட்பவை இவை.

முதலாவது, கோடு கீறுவதற்கு முன்னரே முதற் கூட்டம் நடைபெற வேண்டும். உங்கள் குறை யாது, எதைக் காக்க வேண்டும், எதை மாற்ற வேண்டும் என்று வெறும் படத்தை முன்வைத்துக் கேட்க வேண்டும்.

இரண்டாவது, படமும் அறிக்கையும் தமிழில் இருத்தல் வேண்டும். தமிழ் அரச கரும மொழியென அரசியலமைப்பிலே எழுதிவிட்டு, தமிழர் நகரத்தின் திட்டத்தை ஆங்கிலத்தில் வைப்பது நகைப்புக்கிடமானது. இலக்கங்களால் மட்டுமன்றி ஒழுங்கை, குளம், கோயில், சந்தி ஆகியவற்றின் பெயர்களாலும் இடங்கள் குறிக்கப்படல் வேண்டும்.

மூன்றாவது, கூட்டங்கள் மாலை வேளைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் சனசமூக நிலையங்களிலும் கமநல சேவை நிலையங்களிலும் கடற்றொழிலாளர் சங்கக் கட்டடங்களிலும் வைக்கப்படல் வேண்டும்.

நான்காவது, நீரையும் செம்பாட்டு மண்ணையும் பற்றிய ஆய்வு முதலில் வெளியிடப்படல் வேண்டும். மாநகர சபையோடு அயலிலுள்ள பிரதேச சபைகளும் அதனைக் கூடியிருந்து ஆராய வேண்டும்.

ஐந்தாவது, ஒவ்வோர் ஆட்சேபத்துக்கும் எழுத்தில் விடை வேண்டும். ஏற்றால் எங்கே ஏற்றோம், மறுத்தால் எதனால் மறுத்தோம் என்ற பட்டியல், அமைச்சர் ஒப்பமிடுமுன் வெளியிடப்படல் வேண்டும். "குறித்துக்கொண்டோம்" என்பது விடையாகாது.

இவ்வளவும் செய்தால் காலம் தாழ்த்தும், நிதி திரும்பிப் போய்விடும் என்பர். கேளாமல் தொடங்கிய வேலைகள் வழக்கிலும் மறியலிலும் சிக்கி நின்ற காலத்தை அவர்கள் கணக்கிட்டுப் பார்க்கட்டும். பல்லாண்டு போரினால் நின்ற நகரத்துக்கு, மக்களைக் கேட்கும் சில மாதங்கள் பெருந் தாமதமாகா.

உரிமை கேட்பவனுக்கு உழைப்பும் உண்டு. நிலஅளவையாளர் தம் ஊர்ச் சனசமூக நிலையத்தில் ஒரு மாலை அமர்ந்து படத்தை வாசித்து விளக்கட்டும். சட்டத்தரணிகள் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கட்டும். பொறியியலாளர் வெள்ளத்தின் கணக்கையும், வைத்தியர் கிணற்று நீரின் கேட்டையும், ஆசிரியர் அறிக்கையின் பொருளையும் எளிய தமிழில் எடுத்துரைக்கட்டும். கமக்காரர் தம் சங்கத்தைக் கூட்டி, எந்தக் கிணறு எந்தக் கோடையில் உவர்த்தது, எந்த வாய்க்கால் எங்கே மூடப்பட்டது என்று எழுதி வைக்கட்டும். கற்றோரின் கல்வியும் உழவரின் அனுபவமும் ஒரே தாளில் சேருமாயின், அதனைத் தள்ளிவைக்க எந்தத் திணைக்களத்துக்கும் துணிவு வராது.

நம் நகரத்தை எரித்தவர்கள் நம்மைக் கேட்கவில்லை. அதை மீளக் கட்ட வருபவர்களாவது கேட்கட்டும். கேட்கும்வரை நாமும் பேசாதிருக்கப் போவதில்லை.